அத்தானின் ஹெரால்டும் அதன் கூரையும்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு இருபது பேருக்கு மேல் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "சார், உங்க ஓப்பன் காருக்கு யாரு மூடி போட்டது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

முதலில் ஒரு திருத்தம். அது மூடி இல்லை. அந்தக் காரோடு 1966-இல் பிறந்த கூரை. அதைக் கழற்றி வைத்திருந்தோம், இப்போது திரும்ப மாட்டியிருக்கிறோம்.

கார் என் அக்கா வீட்டுக்காரருடையது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. அத்தான் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்த்தவர். 1969-இல் மதுரையில் ஒருவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கி ஓட்டி வந்தார். அவர் 2011-இல் காலமானார். அக்கா என்னோடு சின்னமனூருக்கு வந்தபோது காரும் கூடவே வந்தது. மருமகன்கள் இரண்டு பேரில் ஒருவர் சென்னை, ஒருவர் அமெரிக்கா. ஆர்.சி. அக்கா பெயரில் இருக்கிறது. ஓட்டுவதும் அடியில் படுப்பதும் நான்.

இந்தக் கார் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-இல் வந்தது. மிகெலாட்டி என்ற இத்தாலிக்காரர் உருவம் வரைந்தார். 1961 முதல் நம் சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில் செய்தார்கள். 948 சி.சி. எஞ்சின். இன்றைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் அதைவிட வேகமாகப் போகும். இதே ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் நீளம் குறைத்துத்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதையும் வரைந்தவர் மிகெலாட்டிதான். ஆக, நம் வண்டி ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன். தம்பி அளவுக்கு ஓடாது, ஆனால் குடும்பம் ஒன்று.

கூரை ஏன் கழற்ற வருகிறது என்பதில் ஒரு கதை இருக்கிறது. ஐம்பதுகளில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. புது வண்டிக்கு இனி பாடி கிடையாது என்றாகிவிட்டது. வேறு வழியில்லாமல் பழைய பாணியில் தனிச் சேஸிஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் அடித்து, போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். பானட் ஒரு துண்டு, பின்பகுதி ஒரு துண்டு, கூரை ஒரு துண்டு. சுமை முழுவதையும் சேஸிஸ் தாங்குவதால் கூரையை எடுத்தாலும் வண்டி தொய்யாது. அந்தக் கம்பெனியே கூரை இல்லாத ஹெரால்டையும் விற்றது. (இதைப் படித்துவிட்டு யாரும் பழைய மாருதி 800-இன் கூரையை அறுக்கக் கிளம்பிவிடாதீர்கள். அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, கூரையும் சேர்ந்துதான் பலம். அறுத்தால் கதவு சாத்தாது, அதோடும் நிற்காது.)

அத்தான் 1974 தைப் பொங்கல் கழிந்த மறுநாள், ஏலக்காய் மூட்டை ஏற்றும் நாலு பேரை வைத்துக் கூரையைக் கழற்றி கோடவுனில் சாய்த்து வைத்தார். தேனியில் ஒரு குஷன் கடையில் ரெக்சின் ஹூட் தைத்து வாங்கினார். அதிலிருந்து வருஷா வருஷம் அதுதான் வழக்கம். தை முடிய கூரை இறங்கும், ஆனி கடைசியில் திரும்ப ஏறும். நம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரை இல்லாமல் கண்டமனூர்ப் பக்கம் போனால் வாயெல்லாம் மண்.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். நிறையப் பேர் "இதுக்கெல்லாம் ஸ்பேர் எங்க சார் கிடைக்குது, யாரு மெக்கானிக்?" என்று கேட்கிறீர்கள். மெக்கானிக் நான்தான். பானட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முதுகு வலிக்காரர்களுக்கு இதைவிட வசதியான வண்டி வந்ததில்லை. எஞ்சின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். மறைத்து வைக்க அதில் ஒன்றும் இல்லை. டாப்பெட் இடைவெளி பத்து தவு, பிளாட்டினம் பாயிண்ட் பதினைந்து தவு. ஒரு ஃபீலர் கேஜும் பொறுமையும் இருந்தால் பத்தாம் வகுப்புப் பையன் செய்யலாம். தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஸ்பானரில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். இந்த வண்டியின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பானர் உள்ளே போய்விடும், திருகினால் வழுக்கி நட்டின் மூலையைத் தேய்த்துவிடும். 9/16 என்றால் 14.29. 14 நுழையாது, 15 லொடலொடக்கும். ஒரு தேய்ந்த நட்டுக்குப் பின்னால் ஒரு சோம்பேறி இருப்பான் என்பது அத்தான் வாக்கு. அவர் வாங்கிவைத்த அங்குல ரிங் ஸ்பானர் செட் இன்றும் துணிப்பையில் இருக்கிறது, ஒன்று மட்டும் குறைகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது முன் சக்கரத்தில் இருக்கிறது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் முதலில் ட்ரனியன் பற்றித்தான் பேசுவார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனையில் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரி ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போது தண்டு அந்தப் புரிக்குள் முன்னும் பின்னும் சுழல்கிறது. அவ்வளவுதான், நட்டும் போல்ட்டும். ஒரு பக்கம் வலப்புரி, மறுபக்கம் இடப்புரி. மாற்றிப் போடக்கூடாது.

இதற்குள் போட வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் ஆயில். 90 நம்பர். பார்த்தால் கிரீஸ் அடிக்கிற இடம் மாதிரியே இருக்கும். கிரீஸ் அடித்தால் அது புரியின் அடி வரை இறங்காது, மேலேயே காய்ந்து கட்டியாகிவிடும். கீழே தண்ணீர் புகுந்து, இரும்பு துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கும். 1993-இல் அத்தானுக்கு இது நடந்தது. ஒரு பட்டறையில் சர்வீஸுக்கு விட்டிருந்தார், பெயர் வேண்டாம். அங்கே நல்லெண்ணத்தில் கிரீஸை அமுக்கி அமுக்கி அடித்திருக்கிறார்கள். ஏழெட்டு மாதம் கழித்து உத்தமபாளையம் தாண்டி, வயல் பக்கம் மெதுவாக ஒரு மாட்டுவண்டிக்கு ஒதுங்கும்போது இடது சக்கரம் படுத்துவிட்டது. நடந்து போகிற வேகம் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. அதே நேரம் குமுளி மலைப்பாதையில் இருந்திருந்தால் இந்தப் பதிவை எழுத வேண்டியிருக்காது. அன்று பின்சீட்டில் அக்காவும் நானும் இருந்தோம்.

அதிலிருந்து ட்ரனியன் மட்டும் வீட்டு வேலை. பழைய கிரீஸ் கன் ஒன்றில் கிரீஸுக்குப் பதில் கியர் ஆயில் ஊற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புதிய எண்ணெய் மேலே கசிந்து வரும்வரை அடிப்பேன். தரையில் நாலு சொட்டு விழும். வீட்டம்மா திட்டுவார். விழட்டும், விழுந்தால்தான் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

வெண்கலக் கட்டி இந்தியாவில் கிடைப்பது அரிது. ஆனால் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் ஏராளமாக இருப்பதால் அங்கே புதிதாகவே விற்கிறார்கள். 2004-ஆம் வருட பிளஸ் டூ பிள்ளை ஒருத்தி லண்டனில் நர்ஸாக இருக்கிறாள். 2019-இல் ஊருக்கு வரும்போது சேலைகளுக்கு நடுவில் இரண்டு ட்ரனியன் வைத்துக் கொண்டு வந்தாள். விமான நிலையத்தில் "இது என்ன?" என்று கேட்டதற்கு "எங்க சாரோட முழங்கால்" என்றாளாம். பரீட்சையில் இந்த அளவு சுருக்கமாகப் பதில் எழுதியவள் இல்லை.

பெட்ரோல் இன்னொரு பாடு. 2000-ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. நல்ல விஷயம்தான். ஆனால் பழைய எஞ்சின்களில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம் மெத்தை மாதிரி இருந்தது. மதுரையில் ஹெட்டைக் கொடுத்துக் கெட்டியான சீட் அடித்துப் போட்டோம். இப்போது இருபது சதவீத எத்தனால். அது பழைய ரப்பரைக் கரைக்கும். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் வீங்கிப் போனது, ஹோஸ் தொட்டால் கையில் கறுப்பாக ஒட்டியது. எல்லாவற்றையும் வைட்டான் ரப்பருக்கு மாற்றியாயிற்று. அதோடு, எத்தனால் தண்ணீரை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் டேங்கின் அடி துருப்பிடிக்கும். ஆகவே வாரம் ஒருமுறையாவது ஓட்டியே ஆக வேண்டும். இதைத்தான் நான் வீட்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காரணமாகச் சொல்வது.

வெள்ளிக்கிழமை என்றால் வீரபாண்டி. அக்கா கௌமாரியம்மனைப் பார்க்காமல் வெள்ளிக்கிழமை சாப்பிட மாட்டார். இங்கேதான் கூரை விஷயம் வருகிறது.

2022-இல் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டு மாற்றினார்கள். இப்போது வயது 84. மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாழ்ந்த இருக்கையில் குனிந்து உட்காருவது என்றால் நடுங்குவார். ஹெரால்டோ தரையோடு தரையாக இருக்கும் கார். அந்த வருடம் தையில் கூரையைக் கழற்றியிருந்தோம். சீட்டின் மேல் நாலு அங்குலத்துக்கு இலவம்பஞ்சு மெத்தை தைத்துப் போட்டேன். கூரை இல்லாததால் தலை இடிக்கும் பேச்சே இல்லை. ராணி மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆட்டோ வேண்டாம், மருமகன் வாங்கித் தருகிறேன் என்ற உயரமான கார் வேண்டாம், இதில் மட்டும் வருவார். அந்த ஆனியில் கூரை ஏறவில்லை. மழை, காற்று இருந்தால் அந்த வெள்ளிக்கிழமை வீட்டிலேயே விளக்கு. அப்படியே நாலு வருஷம் போயிற்று.

இந்த வருடம் பிப்ரவரியோடு பதிவு முடிகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்குக் கட்டணத்தைப் போன ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். பணம் கட்டலாம். ஆர்.சி.-யில் இருப்பது கூரையுள்ள கார். அதன்படி வண்டி இருக்க வேண்டும் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சொன்னார். அவர் சொன்னது சரி. நாளைக்கு ஏதாவது விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரரும் அதைத்தான் கேட்பார்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு ஒன்று இருக்கிறதே என்று சிலர் சொன்னீர்கள். பார்த்தேன். கட்டணம் 20,000, நம்பர் பலகையில் வி.ஏ. என்று எழுத்து. ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது மாதிரிக் காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரிப் புழக்கம் கூடாது. வீரபாண்டி அம்மன் கண்காட்சியில் சேராது.

அமெரிக்க மருமகன் போனில் சொன்னார்: "மாமா, கொச்சில ஒருத்தர் கேக்குறார். ஓப்பனா இருக்கறதுனாலதான் அவருக்குப் பிடிச்சிருக்கு. நல்ல விலை. அம்மாவுக்கு உயரமான காரா வாங்கிடலாம்." தப்பாகச் சொல்லவில்லை. அக்காவிடம் கேட்டேன். "வித்துருங்கடா" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்கே வரவில்லை. இடுப்பு வலி என்றார். நடையில் ஒரு மாற்றமும் எனக்குத் தெரியவில்லை.

கூரையை மாட்டினால் நாலு அங்குல மெத்தையோடு அக்கா உட்கார முடியாது, தலை முட்டும். மெத்தையை எடுத்தால் சீட் தாழ்ந்துவிடும், உட்கார மாட்டார். மூன்று நாள் இதையே யோசித்தேன். உங்களுக்கெல்லாம் சார்பு இயக்கம் நடத்திய வாத்தியார் இல்லையா. சீட்டுக்கும் கூரைக்கும் உள்ள தூரத்தை மாற்ற முடியாது. சீட்டுக்கும் அக்கா நிற்கிற தரைக்கும் உள்ள தூரத்தை மாற்றலாமே! காரை ஐந்து அங்குலம் மேலே தூக்கு, அக்காவைக் கீழேயே நிற்க வை. மெத்தை தேவையில்லை. கூரையின் விளிம்பும் ஐந்து அங்குலம் ஏறிவிடும், குனிகிற பாடும் குறையும்.

வீட்டு முன்னால் சக்கரத் தடம் இரண்டுக்கு மட்டும் ஐந்து அங்குல உயரத்தில் சிமெண்ட் மேடை, முன்னால் சரிவு. கொத்தனார் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். கோயில் பக்கம்? தார் ரோட்டின் ஓரம் மண் தரை தாழ்ந்துதானே இருக்கும். அக்கா உட்காருவது இடப்பக்கம். இடது சக்கரத்தைத் தார் விளிம்பில் நிறுத்தினால் அக்காவுக்கு மண் பள்ளம் கிடைக்கும். நெடுஞ்சாலைத் துறை நமக்காகவே செய்து வைத்தது போல இருக்கிறது.

கூரையை எடுத்துப் பார்த்தால் நாலு வருஷத்தில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. உள்துணி முழுக்கப் போச்சு. பின் விளிம்பில் துரு, விரல் வைத்தால் ஓட்டை. டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் மாணவன் (கடைசி பெஞ்ச், பெயர் சொன்னால் கோபிப்பான்) ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து, அழுகியதை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டு அடித்தான். கூரைக்கும் பாடிக்கும் நடுவில் வருகிற ரப்பர் காய்ந்து பொடியாகியிருந்தது. அதே அளவு எங்கும் இல்லை. கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் வேலை பார்க்கும் இன்னொரு மாணவன், பஸ் ஜன்னல் பீடிங் பத்து மீட்டர் அனுப்பினான். பிளேடால் ஒரு பக்கத்தைச் சீவினால் பொருந்துகிறது.

மாட்டிய அன்று ஆறு பேர் வந்தார்கள். போல்ட்டை முதலிலேயே இறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கையால் இரண்டு சுற்று விட்டு, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, ரப்பரில் எங்கே இடைவெளி என்று பார்த்து, கூரையை இப்படி அப்படி நகர்த்தி, பிறகுதான் முறுக்க வேண்டும். காலை ஏழுக்கு ஆரம்பித்தது மதியம் மூன்று ஆகிவிட்டது. நடுவில் ஒருவன் பன்னீர் திராட்சை ஒரு கூடை கொண்டுவந்தான், வேலை அரைமணி நேரம் நின்றது.

ஃபிசியோதெரபி படித்த மாணவி ஒருத்தி முந்தின நாளே அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்: காலை முதலில் வைக்கக் கூடாது, திரும்பி நின்று முதுகு காட்டி உட்கார், தலையைத் தாழ்த்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்துச் சுழற்று. சீட்டின் மேல் ஒரு பாலிதீன் பை விரித்தால் வழுக்கிக்கொண்டு திரும்பும். காரை மேடையில் ஏற்றினேன். அக்கா வந்தார். கதவைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். அமெரிக்க மருமகன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே நள்ளிரவு. யாரும் பேசவில்லை. அக்கா திரும்பி நின்று உட்கார்ந்தார். பை சரசரவென்று சத்தம் போட்டது. இரண்டு காலும் உள்ளே வந்துவிட்டது.

வீரபாண்டி வரை போய் வந்தோம். வழியில் அக்கா சொன்னது இரண்டு வாக்கியம். "காத்தே வரலடா." கொஞ்ச தூரம் போய், "முடி கலையல."

கொச்சிக்காரருக்கு மருமகனே போன் செய்து சொல்லிவிட்டார். அவர் மறுபடி கேட்டால் என்ன செய்வது என்று அண்ணன் தம்பிக்குள் இன்னும் பேச்சு ஓடுகிறது. அது அவர்கள் பாடு, நான் தலையிடவில்லை.

வண்டியைக் காட்டினோம். பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து பார்த்தார், பானட்டைத் திறக்கச் சொன்னார், அது கவிழ்வதைப் பார்த்துச் சிரித்தார். சேஸிஸ் நம்பர், பிரேக், லைட் எல்லாம் சரி. 2031 வரை பதிவு.

வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. கூரைக்கு உள்துணி தைக்க வேண்டும். இடது முன் மூலையில், கண்ணாடிச் சட்டம் சேரும் இடத்தில், தண்ணீர் விட்டுப் பார்த்தால் சொட்டுகிறது. அது சரியாக அக்காவின் தோளில் விழும். கம்பம் கணவாய் வழியாகச் சாரல் வருவதற்குள் அடைத்தாக வேண்டும். கரூர்த் தம்பி, இன்னும் மூன்று மீட்டர் பீடிங் வேண்டும், அதே அளவு. லண்டன் பிள்ளை ஆகஸ்டில் வருவதாகக் கேள்விப்பட்டேன். ட்ரனியனுக்கு மேல் போடும் ரப்பர் சீல் நாலு, 9/16 ரிங் ஸ்பானர் ஒன்று. பெட்டியில் இடம் இருந்தால் மட்டும்.